வைகையில் தூண்டில் போட யாரைக் கேட்பது?

மீன் பிடிப்பதற்கென்றே பெட்டி கட்டிக் கிளம்புகிறவர்களுக்குத் தென்னிந்தியாவில் பேர்போன இடங்கள் சில உண்டு. காவிரிக் கரையில் பீமேஸ்வரியும் காலிபோரும் ஒரு காலத்தில் வெளிநாட்டுக்காரர்கள் தேடிவந்த முகாம்கள். பெரிய மகசீர் மீனைத் தூண்டிலில் மடக்கி, படம் எடுத்துக்கொண்டு, திரும்ப ஆற்றிலேயே விட்டுவிடுவார்கள். காவிரிக்கே உரிய அந்தத் திமில் மகசீர் அற்றுப்போகும் விளிம்பில் இருப்பதாக 2018-ல் சர்வதேசப் பட்டியலில் ஏறிவிட்டது. மூணாறு மலையில் ஆங்கிலேயத் தோட்டக்காரர்கள் கொண்டுவந்து விட்ட டிரௌட் மீனுக்கும் தூண்டில்காரர்களிடையே தனிப் பெயர். மதுரையை மட்டும் இந்த வரிசையில் யாரும் சேர்த்ததில்லை.

என் மனைவியின் தம்பி, நான் மாப்பிள்ளை என்று கூப்பிடுகிறவன், சேர்த்துவிட்டான். பெங்களூரில் வேலை, வாரக் கடைசியில் ஏரி ஏரியாகத் தூண்டிலோடு அலைகிறவன். "மாமா, லீவு சொல்லியாச்சு. வைகை அணையில ஆரம்பிச்சு, கண்மாய் கண்மாயா மேலூர் வரைக்கும் போறோம். எங்க தூண்டில் போடலாம், எங்க தங்கலாம்னு எழுதி வைங்க" என்றான்.

எழுதி வைக்க உட்கார்ந்தபோதுதான் வைகையின் சுபாவம் குறுக்கே வந்தது. வருசநாட்டு மலையில் பிறந்து 258 கிலோமீட்டர் ஓடும் ஆறு என்று பாடப் புத்தகம் சொல்லும். ஆனால் வருஷத்தில் பாதி மாதம் மணல்தான் ஓடுகிறது. தண்ணீர் வரும் நாளில் இரண்டு கரையிலும் கால்வாய்கள் பிரித்துக்கொண்டு போய்க் கண்மாய்களில் ஊற்றிவிடும். எஞ்சியது ராமநாதபுரம் பெரிய கண்மாயில் அடங்கும். பெருவெள்ளம் வந்தால்தான் கடல். ஆகவே இங்கே ஆறு வேறு, ஏரி வேறு என்று பிரித்துத் திட்டம் போட முடியாது. ஆற்றுத் தண்ணீர் கண்மாய்க்குப் போன பிறகு மீனைக் கண்மாயில் தேட வேண்டும். கண்மாய் வற்றிய பிறகு அணையில் தேட வேண்டும்.

அதனால் நான் எழுதி வைத்தது மூன்றே கேள்விகள். தண்ணீர் இப்போது எங்கே நிற்கிறது? அது யார் பொறுப்பில் இருக்கிற தண்ணீர்? அதில் என்ன மீன் இருக்கிறது? தூண்டில்காரர்கள் மூன்றாவது கேள்வியிலிருந்து தொடங்குவார்கள். மதுரைப் பக்கம் அப்படித் தொடங்கினால் முதல் நாளே யாராவது கரையிலிருந்து சத்தம் போடுவார்கள்.

கிளம்பியது பங்குனியில். அறுவடை முடிந்து வயல்கள் வெளுத்துக் கிடந்தன. கால்வாயில் தண்ணீரை நிறுத்தியிருந்தார்கள். அணையிலும், ஆற்றுப் பள்ளங்களிலும், ஆழமான கண்மாய்களிலும் மட்டுமே தண்ணீர் இருந்த நேரம்.

மதுரையிலிருந்து வைகை அணைக்குச் சுமார் 70 கிலோமீட்டர். உசிலம்பட்டி தாண்டி, ஆண்டிபட்டிக் கணவாய் ஏறி இறங்கினால் அணைக்குப் போகும் சாலை. 1959 ஜனவரியில், காமராஜர் முதல்வராக இருந்தபோது திறந்த அணை. உயரம் 111 அடி. ஆனால் தண்ணீரைத் தேக்குவது 71 அடிக்குத்தான். மதுரைக்காரர்கள் மழைக்காலத்தில் நாளிதழைத் திறந்ததும் தேடும் எண் இந்த அணையின் நீர்மட்டம்தான். 66 அடியைத் தொட்டால் கரையோர ஊர்களுக்கு முதல் எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. சங்கு ஊதிய பிறகு ஆற்றுக்குள் நிற்கிறவன் தூண்டில்காரன் ஆனாலும் ஆடு மேய்க்கிறவன் ஆனாலும் ஏறி வந்துவிட வேண்டும். ஆற்றோரம் மீன் பிடிக்கத் திட்டமிடுகிறவர்கள் கட்டாயம் மனப்பாடம் செய்ய வேண்டிய மூன்று எண்கள் இவை.

நாங்கள் போன நேரத்தில் எச்சரிக்கைக்கெல்லாம் வேலையில்லை. தண்ணீர் இறங்கி, சுற்றிலும் கரம்பை வெடித்துக் கிடந்தது. விடிகாலையில் பரிசல்கள் கரைக்கு வந்தன. முந்தின மாலையில் கட்டிவிட்டு வந்த வலைகளை இருட்டிலேயே எடுத்து வந்திருந்தார்கள். வட்டப் பரிசலின் அடியில் கட்லாவும் ரோகுவும் மிர்காலும் புரண்டுகொண்டிருந்தன. இடையிடையே சாம்பல் நிறத்தில் ஜிலேபி.

மாப்பிள்ளை தோள்பையிலிருந்து மடக்குத் தூண்டிலை எடுத்து நீட்டத் தொடங்கியதுமே பரிசல்காரர் ஒருவர் கையைக் காட்டினார்.

"தம்பி, இங்க போடாதீங்க. இது லைசென்ஸ் தண்ணி."

"சும்மா பொழுதுபோக்குக்குத்தாண்ணே."

"உங்களுக்குப் பொழுதுபோக்கு. எங்களுக்கு இதான் பொழப்பு."

அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை. நீர்த்தேக்கத்தில் மீன்பிடி உரிமை உரிமம் பெற்றவர்களுக்கு. குஞ்சு விடுவதற்கென்று அணையை ஒட்டி மீன்வளத் துறையின் பண்ணை இருக்கிறது. விதைத்தவர் இன்னார், அறுப்பவர் இன்னார் என்று கணக்கு உள்ள தண்ணீர். முன்கூட்டி மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு வருகிறவர்களுக்குப் பதில் கிடைக்கும். கேட்காமல் வந்தவர்களுக்கு மீன் கிடைக்கும், விலைக்கு. நாங்கள் இரண்டாவது வகை. ஒரு ரோகுவை வாங்கி, சாலையோரக் கடையில் மசாலா தடவிப் பொரித்துத் தரச் சொன்னோம்.

பொரிந்த அந்த ரோகு தெற்கத்தி மீன் அல்ல. கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் கங்கைச் சமவெளியின் ஆறுகளில் வெள்ளத்தில் முட்டையிடும் மீன்கள். தேங்கிய தண்ணீரில் இவை இனப்பெருக்கம் செய்வதில்லை; அதனால் வெகுகாலம் ஆற்றில் குஞ்சு அரித்துத்தான் குளத்தில் விட முடிந்தது. 1957 ஜூலை 10-ல் ஒடிசாவில் ஹிராலால் சௌத்ரியும் அலிகுஞ்ஞியும் ஊசி மூலம் இயக்குநீர் செலுத்திக் கெண்டை இன மீன்களை முட்டையிட வைத்தார்கள். அந்த நாள்தான் இன்று தேசிய மீன் வளர்ப்போர் நாள். அதன் பிறகே கங்கை மீன் ஆண்டிபட்டி அடிவாரத்தில் பரிசலில் வந்து விழுந்தது. தூண்டில்காரனுக்கு இதில் ஒரு பாடமும் உண்டு: கட்லா மேல்தண்ணீரில் மேயும், ரோகு நடுவில், மிர்கால் அடியில் சேற்றைக் கிளறும். தக்கையிலிருந்து முள்வரை நரம்பை எவ்வளவு நீளம் விடுவது என்பதை இது தீர்மானிக்கும். மாப்பிள்ளை இதையெல்லாம் கரைத்துக் குடித்தவன். தண்ணீர்தான் அவனுக்கு இன்னும் கிடைக்கவில்லை.

அணையிலிருந்து ஆற்றோடு இறங்கினால் அணைப்பட்டிக்குப் பக்கத்தில் பேரணை. வைகை அணைக்கும் முந்தியது. 1895-ல் பென்னிகுயிக் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி, மேற்கே ஓடிய தண்ணீரை மலைக்குள் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே திருப்பினார். அந்தத் தண்ணீர் வைகையில் கலந்து, பேரணையில் பெரியாறு பிரதானக் கால்வாயாகப் பிரிந்து மேலூர் வரை போகிறது. அரபிக் கடலுக்குப் போக வேண்டிய தண்ணீர் மேலூர்க் கண்மாயில் தேங்குகிறது என்றால் அதற்குத் திருப்புமுனை இந்த இடம்தான்.

பேரணை முதல் கள்ளந்திரி வரை 45,041 ஏக்கர் இருபோகப் பாசனம். அணையில் இருப்பு இருந்தால் ஜூன் தொடக்கத்தில் தண்ணீர் திறப்பார்கள். கள்ளந்திரிக்கு அப்பால் மேலூர்ப் பக்கம் ஒருபோகம்; திருமங்கலம் பக்கமும் அப்படியே. அதற்குத் தண்ணீர் செப்டம்பர் வாக்கில். இந்த இரண்டு தேதிகளையும் உழவர்கள் எப்படிப் பார்க்கிறார்களோ அப்படித்தான் மீன் பிடிக்கிறவர்களும் பார்க்கிறார்கள். கால்வாயில் புதுத்தண்ணீர் நுரைத்து வரும் முதல் வாரத்தில் மீன் எதிர்த்து ஏறும். வாய்க்கால் மதகுகளில் சிறுவர்கள் கொசுவலையும் பழைய சேலையும் கட்டி அயிரை பிடிப்பது அப்போதுதான்.

பங்குனியில் அதெல்லாம் இல்லை. ஷட்டர்களுக்குக் கீழே, தண்ணீர் குடைந்த பள்ளத்தில் பச்சையாக ஒரு தேங்கல். அங்கே நான்கைந்து பையன்கள் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார்கள். கையில் மூங்கில் கழி, அதன் நுனியில் நரம்பு, மயிலிறகின் தண்டை நறுக்கிச் செய்த மிதப்பு, சைக்கிள் கடையில் கிடைத்த ஈயத் துண்டு, முள்ளில் மண்புழு. மயிலுக்குப் பஞ்சமில்லாத வட்டாரம் இது. மிதப்புக்குக் காசு செலவில்லை.

மாப்பிள்ளையின் தூண்டிலைச் சுற்றிக் கூட்டம் கூடியது. சுருளைச் சுழற்றிப் பார்த்தார்கள். பளபளக்கும் பிளாஸ்டிக் மீனைத் தொட்டுப் பார்த்தார்கள்.

"அண்ணே, இதையா மீன் திங்கும்?"

"திங்காது. கடிக்கும். கடிச்சா மாட்டிக்கும்."

"இந்தத் தண்ணியில கண்ணே தெரியாதுண்ணே. வாசத்துக்குத்தான் வரும்" என்றான் ஒருவன். கொட்டாங்குச்சியிலிருந்து ஒரு மண்புழுவை எடுத்து நீட்டினான்.

பையன் சொன்னதுதான் நடந்தது. பிளாஸ்டிக் மீன் வெறுமனே நீந்திவிட்டு வந்தது. மண்புழு போன கொஞ்ச நேரத்தில் நரம்பு விறைத்தது. உள்ளங்கை அகலத்துக்கு ஜிலேபி. அடுத்தது கெளுத்தி. பையன் குதித்து வந்து, துண்டைச் சுற்றி அதைப் பிடித்தான். கெளுத்தியின் பக்கவாட்டு முள்ளும் முதுகு முள்ளும் குத்தினால் மணிக்கட்டு வரை கடுக்கும். வெறுங்கையால் தொடக் கூடாது.

ஜிலேபி என்று இங்கே எல்லோரும் சொல்லும் திலாப்பியா ஆப்பிரிக்க மீன். 1952-ல் மண்டபத்துக்குக் கொண்டுவந்தார்கள். மதுரையிலிருந்து ராமேஸ்வரம் போகிற வழியில் இறங்கிய மீன், இன்று தமிழ்நாட்டில் அது இல்லாத குட்டை இல்லை. தாய் மீன் முட்டையை வாய்க்குள் வைத்துப் பொரிக்கும். குஞ்சுகளுக்கு ஆபத்து என்றால் திரும்ப வாய்க்குள் வாங்கிக்கொள்ளும். இப்படி வளர்க்கிற மீனிடம், முட்டையைச் செடியில் ஒட்டிவிட்டுப் போகிற நாட்டுக் கெண்டை எப்படிப் போட்டி போடும்? தூண்டிலில் அடுத்தடுத்து ஜிலேபியே வருவதைத் திறமை என்று எண்ணிக்கொள்ள வேண்டாம். தண்ணீரில் அதுதான் நிறைந்திருக்கிறது என்று பொருள். அளவு பார்க்காமல் எத்தனை பிடித்தாலும் யாருக்கும் பாவம் இல்லாத மீன் அது ஒன்றுதான்.

குருவித்துறை வழியாகச் சோழவந்தான் பக்கம் வந்தால் ஆற்றின் இரு கரையும் தென்னையும் வாழையும் வெற்றிலைக் கொடிக்காலும். தென்கரையில் ஆற்றுக் கால்வாயால் நிரம்பும் பெரிய கண்மாய். கரைமேல் நடந்தால் ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வயல். நீண்ட கரை, மடை, கலுங்கு, ஓடை என்று எல்லாம் கூடிய மதுரைக் கண்மாய்.

ஆங்கிலேய அதிகாரிகளில் இதன் அருமை தெரிந்த ஒருவர் இருந்தார். சென்னை மாகாணத்தில் பணியாற்றிய ஹென்றி சல்லிவன் தாமஸ். 1873-ல் இந்தியாவில் தூண்டில் போடுவது பற்றி எழுதிய புத்தகத்தால் பெயர் பெற்றவர். மலையாறும் மகசீரும் வாய்க்காதவர்கள் என்ன செய்வது என்று யோசித்து, 1887-ல் குளங்களிலும் கண்மாய்களிலும் மீன் பிடிப்பதற்கென்றே தனிப் புத்தகம் போட்டார். மதுரைக் கலெக்டராக இருந்த வெர் ஹென்றி லெவிஞ்ச் வேறு வழி கண்டார். சமவெளியின் வெக்கைக்கு மலையே மருந்து என்று, 1863-ல் கொடைக்கானலில் ஏரியை வெட்டினார். அந்த ஏரியில் இன்றைக்கும் மீன்வளத் துறையிடம் கட்டணம் கட்டிச் சீட்டு வாங்கித் தூண்டில் போடலாம். சீட்டு, நேரம், விதி எல்லாம் எழுத்தில் வேண்டும் என்கிறவர்களுக்கு மதுரைக்குப் பக்கத்தில் அதுவே தோதான இடம்.

தென்கரையில் எழுத்து கிடையாது, ஆள் உண்டு. கரைமேல் சைக்கிளைச் சாய்த்துவிட்டு ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். குத்தகைக்காரரின் காவலாள்.

"ஐயா, ரெண்டு தூண்டில் போட்டுக்கலாமா?"

"எந்த ஊரு?"

சொன்னோம். யார் வீடு, என்ன வேலை, எத்தனை பேர் என்று விசாரணை நடந்தது. பிறகு போனில் யாரிடமோ பேசினார். "வீட்டுக்குத் திங்கப் பிடிச்சுக்கங்க. வலை போடக் கூடாது. விரால் குஞ்சோட நின்னா தொடக் கூடாது. அம்புட்டுத்தான்" என்றார்.

மீன்பாசிக் குத்தகை என்று இதற்குப் பெயர். பெரிய கண்மாய்கள் நீர்வளத் துறை வழியில், சிறியவை ஊராட்சி ஒன்றியத்தின் வழியில். பசலி ஆண்டுக்கு, அதாவது ஜூலை முதல் ஜூன் வரைக்கு, மீன் பிடிக்கும் உரிமையை ஏலம் விடுவார்கள். எடுத்தவர் குஞ்சு வாங்கி விடுவார், காவல் போடுவார், தண்ணீர் வற்றும்போது வலை இழுப்பார். போட்ட காசை எடுக்கிற மாதங்கள் மாசி, பங்குனி, சித்திரை. அந்த நேரத்தில் வெளியூர்க்காரன் தூண்டிலோடு கரையேறினால் அவருக்கு எப்படி இருக்கும்? ஆனி, ஆடியில் கேட்டால் சிரிப்பார்கள், பங்குனியில் கேட்டால் விசாரிப்பார்கள். கேட்டுவிட்டுப் போட்டால் பெரும்பாலும் இடம் கிடைக்கும். கேட்காமல் போட்டால் அது திருட்டு. கரையில் யாரும் அதை வேறு பெயர் சொல்லி அழைக்க மாட்டார்கள்.

விராலைப் பற்றிக் காவலாள் சொன்னது பழைய ஒழுங்கு. விரால் தண்ணீருக்கு மேல் வந்து காற்றை முழுங்கும் மீன். சேற்றில் புதைந்தும் உயிர் தாங்கும். ஆணும் பெண்ணுமாகக் குஞ்சுகளைக் காக்கும். செங்கல் நிறத்தில் குஞ்சுக் கூட்டம் நீர்ப்பரப்பில் கொதிப்பதுபோல் புரளும். அதன் அடியில் தாயும் தகப்பனும் நிற்கும். அப்போது எதைப் போட்டாலும் பாய்ந்து கடிக்கும். பசிக்காகக் கடிப்பதில்லை, குஞ்சைக் காக்கக் கடிக்கிறது. அந்த நேரத்தில் விராலைப் பிடித்தால் ஒரு மீன் நம் கைக்கு வரும், நூற்றுக்கணக்கான குஞ்சு ஜிலேபிக்கும் கொக்குக்கும் போகும்.

பொழுது சாயும் நேரத்தில், அல்லிக் கொடிகளின் ஓரத்தில் மாப்பிள்ளை ரப்பர் தவளையை வீசி இழுத்தான். தண்ணீர் வெடித்தது போல ஒரு சத்தம். முழங்கை நீள விரால். கரைக்கு வந்து துள்ளியதைக் காவலாள்தான் செவுளில் விரல் விட்டுத் தூக்கினார். தோள்பையில் இருந்த அளவைப் பட்டையை மாப்பிள்ளை தேடுவதற்குள், "ஒன்றரைக் கிலோ தேறும்" என்று எடைபோட்டுவிட்டார். அதை அவரிடமே கொடுத்துவிட்டான். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

மறுநாள் மதுரை. நகரத்துக்குள் வைகையில் தூண்டில் போடுகிறவர்களைப் பார்க்கலாம். நான் பரிந்துரைக்க மாட்டேன். சாக்கடை கலக்கும் இடங்களில் ஆகாயத்தாமரை படர்ந்திருக்கிறது. அதன் அடியில் வாழ்வது வளர்க்கக் கூடாது என்று அரசு தடை விதித்த ஆப்பிரிக்கக் கெளுத்தி. கெட்ட தண்ணீரில் மற்ற மீன் செத்து மிதக்கும்போது இது கொழுக்கும். பிடித்தாலும் சாப்பிட முடியாது. திரும்ப விட்டால் அதுவும் தவறு. கிழக்கே விரகனூர் மதகணைப் பக்கம் போனால் தண்ணீர் இருக்கிற நாளில் கொஞ்சம் பரவாயில்லை.

மதுரையின் நடுவே தூண்டிலுக்கு இடமே இல்லாத குளம் ஒன்று இருக்கிறது. பொற்றாமரைக் குளம். திருவிளையாடற் புராணத்தில் நாரைக்கு முத்தி கொடுத்த படலம் இந்தக் குளத்தைப் பற்றியது. முனிவர்கள் நீராடும் தண்ணீரில் மீனைத் தின்னக் கூசிய நாரை, தன் இனத்துக்குப் பிற்காலத்தில் அந்தப் பாவம் வரக் கூடாது என்று குளத்தில் மீனே இல்லாதிருக்க வரம் கேட்டது. அதே புராணத்தில் இறைவனே மீனவராக வந்து கடலில் வலை வீசும் படலமும் உண்டு. மீன் பிடிப்பது குற்றம் என்று மதுரையின் கதை சொல்லவில்லை. எந்தத் தண்ணீரில் பிடிக்கலாம், எதில் கூடாது என்று வரம்பு கட்டியது.

நெல்பேட்டை மீன் மார்க்கெட்டில் அயிரையைப் பார்த்தோம். அலுமினியச் சட்டித் தண்ணீரில் உயிரோடு நெளியும் விரல் நீள மீன். கிலோ ஆயிரம் ரூபாயைத் தாண்டும் நாட்கள் அதிகம். எந்தத் தூண்டிலிலும் அகப்படாது. ஓடும் தண்ணீரில், மணல் அடியில் வாழ்கிறது. மணலை அள்ளி ஆற்றைக் குடைந்த பிறகு விலை ஏறாமல் என்ன செய்யும்? வாங்கிவந்து மண்சட்டியில் கல்லுப்புப் போட்டு உரசி, மண்ணைக் கக்கும்வரை அலசி, தலையும் வாலுமாக அப்படியே குழம்பில் போட வேண்டும். சின்ன வெங்காயம், பூண்டு, கெட்டிப் புளி, மேலே நல்லெண்ணெய். மானாமதுரைச் சட்டியில் வைத்து மறுநாள் சாப்பிட்டால் இன்னும் விசேஷம். தூண்டில்காரர்கள் ஒருவேளையாவது இதற்கு ஒதுக்காமல் ஊர் திரும்பக் கூடாது.

கடைசியாக மேலூர். ஒத்தக்கடையில் யானைமலையைக் கடந்து வடகிழக்கே போனால் நிலம் பாறையும் கண்மாயுமாக மாறிவிடும். கொட்டாம்பட்டிச் சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமத்தில் "ஞாயித்துக்கிழமை கம்மா அழியுது" என்று உறவுக்காரர் ஒருவர் சொல்லியிருந்தார். மீன்பிடித் திருவிழா.

விடிவதற்கு முன்பே கரை நிரம்பியிருந்தது. சரக்கு ஆட்டோக்களிலும் பைக்குகளிலும் சுற்றுப்பட்டு ஊர்கள் வந்து இறங்கியிருந்தன. ஆள் ஆளுக்குக் கையில் ஊத்தா, கச்சா, கூடை, சிறு வலை. ஊத்தா என்பது மூங்கில் சிம்புகளைக் கட்டிய, மேலும் கீழும் திறந்த கூடை. தண்ணீரில் குத்தி இறக்கி, மேல்வாய் வழியே கையை விட்டுத் துழாவினால், உள்ளே சிக்கிய மீன் கையில் இடிக்கும். காவல் தெய்வத்துக்குச் சூடம் காட்டினார்கள். ஊர் அம்பலக்காரர் கரைமேல் ஏறி வெள்ளைத் துண்டை வீசினார்.

அடுத்த நொடி கண்மாயே கலங்கியது. ஆயிரக்கணக்கான கால்கள் ஒரே நேரத்தில் இறங்கின. இடுப்பளவுத் தண்ணீர் சிறிது நேரத்தில் குழம்பாயிற்று. மூச்சுக்குத் தவித்த மீன்கள் மேலே எழும்பின. கட்லா ஒருவர் தோளில் மோதி விழுந்தது. மாப்பிள்ளைக்கு யாரோ ஒரு ஊத்தாவைக் கையில் கொடுத்து, "தம்பி, குனிஞ்சு குத்துங்க, நிமிந்துக்கிட்டே நின்னா மீனு உங்களப் பாத்துச் சிரிக்கும்" என்றார்கள். பக்கத்தில் ஒரு அப்பத்தா சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, கைக்கு ஒன்றாகக் குரவையைப் பிடித்து மடியில் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. மாப்பிள்ளைக்கு இரண்டு கெண்டையும் உடம்பு முழுக்கச் சேறும் கிடைத்தன.

பிடித்த மீனை யாரும் விற்பதில்லை. கட்டிக்கொடுத்த பெண் வீட்டுக்கு ஒரு பை, சம்பந்தி வீட்டுக்கு ஒரு பை. அன்றைக்கு ஊர் முழுக்க ஒரே குழம்பு வாசம். இப்படி அழித்தால் அடுத்த வருஷம் மழை பெய்து கண்மாய் பெருகும் என்பது நம்பிக்கை. கணக்காகப் பார்த்தாலும் அதில் நியாயம் இருக்கிறது. சித்திரை வெயிலில் வற்றப்போகிற தண்ணீர். விட்டுவைத்தால் மீன் சேற்றில் செத்து நாறும். அதற்கு முன்னே ஊர் பங்கிட்டுக்கொள்கிறது. பிறகு காய்ந்த தரையில் வண்டல் அள்ளலாம். இதற்காகவே சில ஊர்கள் மீன்பாசியை ஏலத்துக்கு விடாமல், ஏலத்தில் வரும் காசை விட்டுக்கொடுத்து, தாங்களே குஞ்சு வாங்கி விடுகின்றன. அந்தக் காசு எத்தனை என்று கேட்டேன். அம்பலக்காரர் சொல்லவில்லை. "காச வாங்கி ஊர்க் கணக்குல வச்சா நாலு பேருக்குச் சண்டை. மீனா விட்டா ஒரு சண்டையும் இல்ல" என்றார்.

மேலூரிலிருந்து திருப்பத்தூர் போகும் பக்கம் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம். 1977-ல் அறிவிக்கப்பட்டது. கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. அந்தக் கண்மாய்களில் மீன் முழுவதும் நாரைக்கும் கொக்குக்கும்தான். தூண்டிலை வண்டியிலேயே வைத்துவிட்டு, கரையில் நின்று பார்த்துவிட்டு வரலாம்.

இனி, இந்தப் பயணத்தைத் திட்டமிடுகிறவர்களுக்கு. கார்த்திகையிலிருந்து தை வரை கண்மாய்கள் நிறைந்திருக்கும். தூண்டிலுக்கும் உட்கார்ந்திருப்பதற்கும் அதுவே இதமான காலம். மாசி, பங்குனியில் தண்ணீர் சுருங்கி மீன் நெருங்கும். ஆனால் குத்தகைக்காரர்களின் அறுவடையும் அதுதான். மீன்பிடித் திருவிழாவைப் பார்க்க வேண்டுமானால் மாசி முதல் வைகாசிக்குள் மேலூர், சிங்கம்புணரிப் பக்கம் ஓர் உறவோ நட்போ வேண்டும். தேதியை ஊர் சில நாள் முன்னால்தான் முடிவு செய்யும். மழை பொய்த்த ஆண்டில் கண்மாயும் இல்லை, திருவிழாவும் இல்லை; அந்த ஆண்டு கொடைக்கானல் ஏரிக்குச் சீட்டு வாங்குங்கள்.

தங்குவதற்கு மதுரையே போதும். எல்லா இடமும் காலையில் போய் மாலையில் திரும்பும் தூரம்தான். விலையுயர்ந்த கருவி வேண்டாம். மூங்கில் கழியும் மண்புழுவும் மைதா உருண்டையும் பெரும்பாலான நாளுக்குப் போதும். விராலுக்கு மட்டும் ஒரு ரப்பர் தவளை. கெளுத்திக்குத் தடித்த துண்டு ஒன்று. அறுந்த நரம்பைக் கரையில் போடாமல் சுருட்டி எடுத்து வாருங்கள். காலில் சுற்றிய நரம்பைக் கொக்கால் அறுக்க முடியாது. எந்தக் கரையில் ஏறினாலும் முதலில் ஆளைத் தேடுங்கள்: அணையில் மீன்வளத் துறை, கண்மாயில் குத்தகைக்காரர், குத்தகை இல்லாத இடத்தில் ஊர்ப் பெரியவர்கள். பிடித்ததில் முதல் மீனை அவர்களிடம் நீட்டுங்கள். பெரும்பாலும் வேண்டாம் என்பார்கள், எந்த மூலையில் விரால் நிற்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்வார்கள்.